‘எல்லாம் தெரியும்தானே’: மிதிவெடி அகற்றுவோரின் மீள்பயிற்சியில் எது தவறுகிறது?

அக்கா ஐந்து கொப்பிகளை எடுத்து வந்து விறாந்தைப் பாயில் வைத்தார். ஐந்தும் மீள்பயிற்சிக் கொப்பிகள். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் ஒரு திகதி. அதன் கீழே ஒரே வசனங்கள், ஒரே வரிசையில். ‘வேலைப் பாதைக்குள் வைசரை உயர்த்தக் கூடாது’ என்பது நான்கு கொப்பிகளிலும் மூன்றாவதாக வருகிறது. ஐந்தாவது கொப்பியில் திகதி மட்டும் இருந்தது. அதன் மூலையில் ஒரு கோலம் வரைந்திருந்தார்.

“என்னத்தை எழுதுறது தங்கச்சி? பன்னிரண்டு வருசமாச் செய்யிற வேலை. எல்லாம் தெரியும்தானே.”

மல்லாவியில் அவர் வீடு இருப்பது யோகபுரம் பக்கம். அதிகாலை நான்கரைக்கு நிறுவன வாகனம் சந்திக்கு வந்துவிடும். அவர் மிதிவெடி அகற்றும் பணியாளர். பெயரும் நிறுவனமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இந்தக் கட்டுரையில் நான் சந்தித்தவர்கள் எல்லோருமே அப்படித்தான் கேட்டார்கள். காரணம் பின்னால் வரும்.

தேத்தண்ணீர் குடித்து முடிந்த பிறகுதான் அந்தக் கதையைச் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள், பதினொரு மணி வெயில். வைசருக்குள் மூச்சுப் புகைந்து ஒன்றும் தெரியவில்லை. மேற்பார்வையாளர் அடுத்த பாதையில் நின்றார். வைசரை நெற்றிக்கு மேலே தள்ளி, வியர்வையைத் துடைத்து, அப்படியே மண்ணைச் சுரண்டத் தொடங்கினார். ஐந்தாறு தடவை சுரண்டியதும் பக்கவாட்டில் மிதிவெடியின் விளிம்பு தெரிந்தது. அப்போதுதான் தன் முகம் திறந்திருப்பது நினைவுக்கு வந்தது. மெல்ல வைசரை இறக்கி, பின்னால் வந்து, கையை உயர்த்தி அறிவித்தார். மிதிவெடி முறைப்படி அழிக்கப்பட்டது. அன்றைய பதிவில் ஒரு மிதிவெடி கண்டெடுக்கப்பட்டதாக இருக்கிறது. வைசர் மேலே இருந்தது எந்தப் பதிவிலும் இல்லை.

“சொன்னா வோர்னிங் கடிதம். ரெண்டு கடிதம் எண்டா வேலை போயிடும்.”

அதற்குப் பிறகு அவர் மூன்று மீள்பயிற்சிகளில் இருந்திருக்கிறார். மூன்றிலும் ‘வைசரை உயர்த்தக் கூடாது’ என்று சொல்லப்பட்டது. அவர் கடைசியாக அதை எப்போது உயர்த்தினார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

2008 செப்டெம்பர் தொடக்கத்தில் மல்லாவி இராணுவத்தின் கைக்கு மாறியபோது இங்கிருந்த சனம் ஏற்கனவே கிழக்கு நோக்கி நகரத் தொடங்கியிருந்தது. திரும்பி வந்தபோது வீடுகளுக்கு முன்னால் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள் நின்றன. வயலுக்கும் கிணற்றுக்கும் போவதற்கு முன் யாரோ ஒருவர் முழந்தாளிட்டு அந்த மண்ணைச் சுரண்ட வேண்டியிருந்தது. அந்த ‘யாரோ ஒருவர்’ வன்னியில் பெரும்பாலும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். ஹலோ ட்ரஸ்ட், மக் போன்ற சர்வதேச நிறுவனங்களிலும் டாஸ், ஷார்ப் போன்ற உள்நாட்டு நிறுவனங்களிலும் வேலை செய்வோரில் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் கணிசமானோர். இலங்கை 2017 டிசெம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி மிதிவெடிகளை அகற்றி முடிப்பதற்கான காலக்கெடு 2028 ஜூன் 1.

அந்தத் திகதி நெருங்க நெருங்க வேகம் பற்றிய பேச்சு கூடுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை சதுர மீற்றர் என்பது எல்லா அறிக்கையிலும் வருகிறது. மீள்பயிற்சிக்குப் போகும் நாளில் சதுர மீற்றர் பூச்சியம். அதனால் அது சுருங்கிக்கொண்டே போகிறது, அல்லது கையெழுத்துக்காக நடக்கிறது.

அப்படி ஒன்றில் இவ்வருடம் நானும் ஒரு நாள் இருந்தேன். தகரக் கொட்டகை. பிளாஸ்ரிக் கதிரைகள். காலை எட்டுக்குத் தொடங்கி மதியம் வரை படவில்லைகள். எண்ணினேன், அறுபத்திரண்டு. பயிற்றுநர் நல்ல மனிதர், களத்தில் பல வருடம் நின்றவர். ஆனால் படவில்லைகள் ஆங்கிலத்திலிருந்து யாரோ மொழிபெயர்த்தவை. ‘தனிநபர் பாதுகாப்பு உபகரணத்தின் முறையற்ற பயன்பாடு தவிர்க்கப்படுதல் வேண்டும்’ என்று ஒன்று. பின்வரிசையில் ஒரு தங்கச்சி என்னிடம் குனிந்து, “இது வைசரைப் பற்றியோ, சப்பாத்தைப் பற்றியோ?” என்று கேட்டாள். பத்தரைக்கு மின்சாரம் போனது. அந்த இருபது நிமிடத்தில் மட்டும் எல்லோரும் பேசினார்கள். மழைக்குப் பிறகு மண் இறுகுவது, பாலை வேர்களுக்குள் டிடெக்டர் தலையை நுழைக்க முடியாதது, ஒரு பாதையில் குளவிக்கூடு. மின்சாரம் வந்ததும் பயிற்றுநர், “சரி, கதையை விடுங்கோ, பாடத்துக்கு வருவம்” என்றார்.

அன்றைய பாடம் அந்த இருபது நிமிடத்தில்தான் இருந்தது என்பது என் எண்ணம்.

மீள்பயிற்சி எதற்கு என்று கேட்டால் ‘மறக்காமல் இருக்க’ என்பார்கள். இது பாதி சரி. சில விஷயங்கள் உண்மையாகவே மறந்துபோகும், அதுவும் நாம் நினைப்பதைவிட விரைவாக. குருதியை நிறுத்தக் கால் கையில் கட்டும் இறுக்குப்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பொதுமக்களிடம் நடத்திய ஒரு பரிசோதனை 2018இல் ஒரு சத்திரசிகிச்சை ஆய்விதழில் வெளியானது. பயிற்றுநர் நேரில் கற்பித்த உடனே சோதித்தபோது 100 பேரில் ஏறத்தாழ 88 பேர் அதைச் சரியாகக் கட்டினார்கள். மூன்று முதல் ஒன்பது மாதங்களுக்குப் பின் மீண்டும் சோதித்தபோது அது ஏறத்தாழ 55 ஆகக் குறைந்திருந்தது. வருடத்துக்கு ஒரு முறை செய்து காட்டுவது இதற்குப் போதாது. ஒவ்வொரு மாதமும் பத்து நிமிடம், தன் கையாலேயே தன் காலில் கட்டிப் பார்ப்பது அதைவிடப் பயன் தரும். வன்னிக் காடுகளில் பாதையில்லாத இடத்திலிருந்து அம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்குத் தூக்கிவரும் நேரம் முழுக்க அந்தப் பட்டியை நம்பித்தான் உயிர் இருக்கும்.

மற்றப் பாதி வேறு. வைசரை உயர்த்தக் கூடாது என்பதை அக்கா மறக்கவில்லை. எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அறிவுக்கும் கைக்கும் இடையில் ஒரு நழுவல் நடந்திருக்கிறது, அவ்வளவுதான். நூறு தடவை ஒரு குறுக்குவழி எடுத்து ஒன்றும் நடக்கவில்லை என்றால் நூற்றியோராவது தடவை அதுவே முறையாகிவிடும். அனுபவம் கூடக் கூட இந்த நழுவலும் கூடும். புதிதாக வந்தவர் பயத்தில் சரியாகச் செய்கிறார். பன்னிரண்டு வருடம் செய்தவருக்குப் பயம் பழகிப்போகிறது. அவருக்குத் தெரிந்ததைத் திரும்பச் சொல்வதால் இதைத் திருத்த முடியாது. கை எங்கே நழுவியிருக்கிறது என்று கண்டுபிடிக்கிற மீள்பயிற்சி வேண்டும்.

இது வன்னிக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல. ஆன்டி சிமித் என்ற பிரித்தானிய நிபுணர் பல நாடுகளின் மிதிவெடி அகற்றல் விபத்து அறிக்கைகளை நூற்றுக்கணக்கில் திரட்டி எவரும் வாசிக்கக்கூடிய ஒரு தரவுத்தளமாக ஆக்கினார். அதை வாசிப்பது மனதுக்குப் பாரமான வேலை. ஆனால் திரும்பத் திரும்ப வருகிற சில விஷயங்கள் உண்டு. மண்ணைத் தோண்டும் வேளையில் நடந்த விபத்துகள் மிக அதிகம். கண் போனவர்களின் அறிக்கைகளில் வைசர் உயர்த்தப்பட்டிருந்தது, அல்லது அணியப்படவே இல்லை என்ற குறிப்பு அடிக்கடி வருகிறது. இன்னொன்றையும் அவர் வலியுறுத்துகிறார். பல விபத்துகளில் முதன்மைக் காரணமாக அவர் பதிவது தொழிலாளியின் கவனக்குறைவை அல்ல, களத்தில் மேற்பார்வை தவறியதையும் நிர்வாகம் தவறியதையும். தவறாக வேலை செய்துகொண்டிருந்தவரைத் திருத்த வேண்டியவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார், அல்லது அங்கே இல்லை.

வைசரையே எடுப்போம். சர்வதேச கண்ணிவெடிச் செயற்பாட்டு நியமங்கள் குறைந்தது 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள பொலிகார்பனேற் கேட்கின்றன. மார்புக் கவசம் 60 சென்ரிமீற்றர் தூரத்தில் 240 கிராம் ரீ.என்.ரி. வெடிப்பைத் தாங்க வேண்டும். இவை உயிரைக் காப்பவை. ஆனால் அந்தக் கண்ணாடி பாரம், சூடு, புகைப்பிடிக்கும், கீறல் விழும். கீறல் விழுந்த வைசருக்கூடாகப் பார்ப்பது, பனி பிடித்த கண்ணாடிக்கூடாக வேலை செய்வதற்குச் சமம். ‘உயர்த்தாதே’ என்று அறுபத்திரண்டு படவில்லை காட்டலாம். ‘ஏன் உயர்த்துகிறீர்கள்’ என்று கேட்டால் பாதிப்பேர் கீறலைச் சொல்வார்கள். அதன் மருந்து புதிய வைசர். பயிற்சி முடியும்போது தொழிலாளர் மட்டும் பாடத்தோடு போய், நிர்வாகம் வெறுங்கையோடு போனால் அந்த நாள் வீண்.

இன்னொரு முகாமில் ஒரு பெண் அணித் தலைவரைச் சந்தித்தேன். மல்லாவிப் பெண்தான், பாடசாலையில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். அவருடைய அணியில் மீள்பயிற்சி வேறு மாதிரி நடக்கிறது. மேலிடத்திலிருந்து வந்த திட்டம் ஒன்றுமில்லை, சலிப்பில் தானே தொடங்கியது என்றார்.

முதலாவதாக, அவர் பிழை செய்வார். பயிற்சிப் பாதையில் தானே முழந்தாளிட்டு முழு வேலையையும் செய்து காட்டுவார். இடையில் ஏழு பிழைகள் வேண்டுமென்றே விடுவார். டிடெக்டரைக் காலையில் சோதனைத் துண்டில் வைத்துப் பார்க்காமல் தொடங்குவார். சிக்னல் வந்த இடத்துக்கு மிகக் கிட்டவாகத் தோண்டத் தொடங்குவார். பக்கவாட்டாக வராமல் மேலிருந்து அழுத்துவார். சிவப்புத் தடியை நகர்த்திவிட்டுப் பின்னால் பார்க்காமல் எழும்புவார். வைசரைத் தூக்குவார். அணியினர் இருவர் இருவராக நின்று பிழைகளை எண்ண வேண்டும். “வைசரைத் தூக்கினா விசர்” என்று யாராவது கத்துவார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு விஷயம் நடக்கிறது. எல்லோரும் ஏழைக் கண்டுபிடிப்பதில்லை. சிலர் எட்டு, ஒன்பது என்பார்கள், அவர் தெரியாமலே விட்ட பிழையையும் சேர்த்து. “அதுதான் எனக்குப் பாடம்” என்றார்.

இரண்டாவதாக, புதைப்பார். பயிற்சிப் பாதையில் வெடிமருந்து இல்லாத மாதிரிகளை அணிக்குத் தெரியாமல் வைப்பார். சில பாதைகளில் ஒன்றுமே வைக்க மாட்டார். இன்னும் சிலவற்றில் ஆணிகளையும் சோடா மூடிகளையும் மட்டும். உலோகம் மிகக் குறைந்த மிதிவெடிகள் இங்கே இருந்ததால் ஒரு சின்னச் சிக்னலையும் அலட்சியப்படுத்த முடியாது. நாள் முழுக்க ஆணி எடுத்துச் சலித்த காது அடுத்த சிக்னலையும் ஆணி என்றுதான் கேட்கும். அந்தச் சலிப்பைத்தான் சோதிக்கிறாராம்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. காலையில் வேலை தொடங்க முன் பத்து நிமிடம், கைபேசியில் எடுத்த ஒரு படம். நேற்றைய வேலைத்தளத்தின் ஏதோ ஒரு மூலை. “இதில என்ன வரப்போகுது?” என்று மட்டும் கேட்பார். ஒருவர் கயிறு தளர்ந்திருப்பதைச் சொல்வார், ஒருவர் மரத்தடியில் வைத்த தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் பாம்புப் புற்றைக் காட்டுவார், ஒருவர் அம்புலன்ஸின் முன் நிற்கும் உழவு இயந்திரத்தை.

அவருக்குத் தெரியாது, இதையே ஜப்பானியர்கள் ஐம்பது வருடமாகச் செய்கிறார்கள். 1974இல் சுமிதோமோ உலோக நிறுவனத்தில் தொடங்கிய ‘ஆபத்தை முன்னுணரும் பயிற்சி’ இப்போது அங்கே கட்டடத் தளம் முதல் வைத்தியசாலை வரை இருக்கிறது. ஒரு படம், ஒரு சிறு குழு, நான்கு கேள்விகள்: இங்கே என்ன ஆபத்துகள், அதில் பெரியது எது, நீ என்றால் என்ன செய்வாய், நாங்கள் இன்று எதைச் செய்வோம். கடைசியில் அதை எல்லோரும் விரலால் சுட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஜப்பானிய ரயில் ஓட்டுநர்கள் சமிக்ஞையைச் சுட்டிக்காட்டிச் சத்தமாகச் சொல்வதைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள், சிரித்தும் இருப்பீர்கள். அங்குள்ள ரயில் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994இல் சோதித்தபோது, சுட்டிச் சொல்லும்போது எளிய வேலையில் பிழைகள் ஏறத்தாழ ஆறில் ஒன்றாகக் குறைந்தன.

‘ஈடுபாடு’ என்ற சொல்லை விளையாட்டு, பரிசு, பாட்டு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவை இருக்கட்டும், தவறில்லை. ஆனால் 2006இல் மைக்கேல் பேர்க்கும் சக ஆய்வாளர்களும் அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்விதழில் எழுதியபோது அவர்கள் அளந்தது வேறு. ஏறத்தாழ 21,000 தொழிலாளரை உள்ளடக்கிய 95 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். ஒரு முனையில் விரிவுரை, துண்டுப்பிரசுரம், காணொளி. மறுமுனையில் கையால் செய்து பார்த்தல், செய்ததைப் பற்றி உரையாடுதல். அறிவையும் திறனையும் பெறுவதில் இரண்டாவது வகை சராசரியாக மூன்று மடங்கு பயன் தந்தது. விபத்துகள் குறைவதும் அந்தப் பக்கமே தெரிந்தது. அணித் தலைவரின் கொட்டகையில் திரையும் இல்லை, பரிசும் இல்லை. எல்லோர் கையும் வாயும் வேலை செய்கின்றன.

அவரிடம் கேட்டேன்: வைசரை உயர்த்தியவர்கள் தாங்களே சொல்வார்களா?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “சொல்ல மாட்டினம். நான் முதல்ல சொன்னன்.” ஒரு மாதக் கூட்டத்தில் தன் சொந்தத் தவறு ஒன்றை அவர் எல்லோர் முன்னும் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் இருவர் சொன்னார்கள். அவற்றைப் பெயரில்லாமல் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். மேலிடத்துக்குத் தெரியாது. தெரிந்தால் அவரையே விசாரிப்பார்கள் என்ற பயம் அவருக்கும் உண்டு.

விமானத்துறை இந்தப் பயத்தை அரை நூற்றாண்டுக்கு முன்பே கையாண்டது. அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தங்கள் தவறுகளையும் மயிரிழையில் தப்பியவற்றையும் இரகசியமாக அறிவிக்கலாம். அறிக்கைகளைப் பெறுவது தண்டிக்கும் அதிகாரம் உள்ள விமானப் போக்குவரத்து நிர்வாகம் அல்ல, நாசா. பத்து நாளுக்குள் அறிவித்தால், வேண்டுமென்று செய்யாத தவறுக்குத் தண்டனையிலிருந்து விலக்கும் உண்டு. தண்டிப்பவரிடம் எவரும் உண்மை சொல்லார் என்ற எளிய விளக்கம்தான் அதன் அடிப்படை. வன்னியில் பல நிறுவனங்கள் பக்கத்துப் பக்கத்துக் களங்களில் வேலை செய்கின்றன. ஒன்றில் மயிரிழையில் தப்பியது மற்றதன் மீள்பயிற்சியில் பாடமாக வேண்டும். 2010இல் உருவான தேசிய கண்ணிவெடிச் செயற்பாட்டு நிலையம் எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கிறது. பெயரில்லாத ஒரு பக்கக் கதைகளை மாதம் ஒருமுறை தமிழிலும் சிங்களத்திலும் சுற்றுக்கு விட அதற்குப் பெரிய செலவு பிடிக்காது. வோர்னிங் கடிதம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொண்டே திரும்பத் திரும்ப மற்றவரின் உயிரை ஆபத்தில் வைப்பவருக்கு அது வேண்டும். தன் தவறைத் தானே வந்து சொன்னவருக்குக் கொடுத்தால் அடுத்தவர் சொல்ல மாட்டார்.

இனி, வெளிநாட்டுக் கையேடுகளில் வராத ஒன்று.

விபத்துக்குள்ளானவரை வெளியே கொண்டுவரும் ஒத்திகை மீள்பயிற்சியின் கட்டாயப் பகுதி. அதை ‘உண்மை போல்’ ஆக்குவது சிறந்தது என்று எல்லாக் கையேடும் சொல்லும். ஒரு முகாமில் சிவப்புச் சாயம் பூசி, துணியைக் கிழித்து, ஒருவரை அலறச் சொல்லி ஒத்திகை நடந்திருக்கிறது. தூக்குக் கட்டிலின் முன்பக்கத்தைப் பிடிக்க வேண்டிய பெண் அசையாமல் நின்றாள். பிறகு நடுங்கத் தொடங்கினாள். 2009இல் அவளுக்குப் பதினான்கு வயது. அவள் யாரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் என்பதை அவள் எனக்குச் சொன்னாள், நான் இங்கே எழுதப்போவதில்லை. அன்று அவளுக்குக் கிடைத்த மதிப்பீடு ‘திருப்தியில்லை’. அந்த ஒத்திகை நடந்தது மே மாதம் மூன்றாம் வாரத்தில்.

எங்கள் தொழிலாளர்களுக்குக் குருதி எப்படியிருக்கும் என்று காட்டத் தேவையில்லை. அவர்களுக்கு வேண்டியது வழி, நேரம், கை வேலை. யார் வானொலியில் பேசுவது, எந்தப் பாதையால் தூக்குவது, மழையில் வாகனம் எதுவரை வரும், இறுக்குப்பட்டி கட்டிய நேரத்தை எங்கே எழுதுவது. சாயமும் அலறலும் இல்லாமலே இவற்றை நிமிடக் கணக்கில் சோதிக்கலாம். நான் பேசிய பெண்கள் கேட்டவை எளியவை. ஒத்திகை இந்த மாதம் ஒரு நாள் வரும் என்று முன்கூட்டிச் சொல்லுங்கள், நாளைச் சொல்ல வேண்டாம். முடியாதவர் தனியே வந்து சொல்லலாம், அன்று அவருக்கு வானொலியையோ நேரம் குறிப்பதையோ கொடுங்கள். மே மாத நடுப்பகுதியை விடுங்கள். முடிந்ததும் அரை மணித்தியாலம் இருந்து பேச விடுங்கள்.

ஒரு வைத்தியருடன் இதைப் பேசியபோது, நடுங்கிய பெண்ணை ஒத்திகையிலிருந்து நிரந்தரமாக ஒதுக்குவதும் தவறு என்றார். உண்மை விபத்தில் அவளும் அங்கேதான் நிற்பாள். சிறிது சிறிதாக, அவள் சம்மதத்தோடு, முதலில் வெறும் கட்டில், பிறகு ஆள், பிறகு நேரக் கணக்கு. இதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கலாம். ஒருநாள் மீள்பயிற்சிக்குள் இது அடங்காது.

இடைவெளிகளையும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்திவைத்தபோது உலகின் பல இடங்களில் மிதிவெடி அகற்றும் வேலையும் நின்றுபோனது. கொடையாளரின் பணத்தில் நடக்கிற வேலை எப்போதும் இப்படித்தான், நின்று நின்று நடக்கும். வாரக்கணக்கில் கூலி வேலைக்கோ தையலுக்கோ போய்விட்டுத் திரும்புகிறவருக்கு முதல் நாளே படவில்லை காட்டுவதில் அர்த்தமில்லை. பயிற்சிப் பாதையில் இறக்கி, ஆளுக்கு ஆள் பார்த்து, யாருக்கு எது தேவையோ அதை மட்டும் கொடுக்கலாம். ஒருவருக்கு அரை நாள் போதும். இன்னொருவருக்கு மூன்று நாள் வேண்டும். எல்லோருக்கும் ஒரே நாள், ஒரே பாடம் என்பது பதிவேட்டுக்கு வசதியானது.

மல்லாவிக்குத் திரும்புகிறேன். அக்காவின் தம்பி வவுனிக்குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது முதுகில் மருந்தடிக்கும் தாங்கியோடு, மேற்சட்டை இல்லாமல், சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்தார். முகத்தில் ஒரு துணிகூட இல்லை. அக்கா ஏசினார். “உனக்குத்தான் அதெல்லாம், நிறுவன வேலை” என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைகளுக்கானது. அந்தத் தம்பியின் வயலுக்கு யாரும் படவில்லையோடுகூட வரப்போவதில்லை. மிதிவெடி வேலை முடியும் நாளில் பாதுகாப்பாக வேலை செய்வது என்றால் என்னவென்று கையால் தெரிந்த பெண்கள் ஏராளமானோர் இந்த ஊர்களில் இருப்பார்கள். அரிசி ஆலைக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் மருந்தடிப்புக்கும் அவர்களைப் பயிற்றுநர்களாக எடுப்பதைப் பற்றி இப்போதே யோசிக்கலாம். ஏழு பிழை விளையாட்டுக்கு மருந்துத் தாங்கியும் போதும்.

வெளிக்கிடும்போது அக்காவிடம் அந்த அணித் தலைவரைப் பற்றிச் சொன்னேன். தன் தவறைத் தானே முதலில் சொன்னவர் என்று. அக்கா ஐந்தாவது கொப்பியை எடுத்துக் கோலம் போட்ட பக்கத்தைப் பார்த்தார்.

“எங்கட சேர் அப்பிடிக் கேட்டா நான் சொல்லுவன்” என்றார். பிறகு, “ரெண்டாவது ஆளாத்தான் சொல்லுவன்” என்றார்.

அடுத்த மீள்பயிற்சி வரும் மாதம் என்று அறிவித்திருக்கிறார்களாம். ஒரு நாள், காலை எட்டு மணி முதல்.